178 விநாடிகளில் தீர்ந்துபோன அபூர்வம்

என் நண்பன் ஒருவன் வீட்டு ஹாலில், டிவிக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவே, ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். டேங்க் மேல் எண் பொறித்த சின்னத் தகடு. வாங்கி ஏழு வருஷம் ஆகிறது, ஓடியிருப்பது 212 கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஷோரூமிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து முதல் சர்வீசுக்கும் போய்வந்தது. விருந்தாளி வந்தால் துணியை விலக்கிக் காட்டுவான். குழந்தைகள் தொட்டால் அதட்டுவான். "இன்னும் இருபது வருஷம் போகட்டும்டா, அப்ப இதோட விலை என்னன்னு பாரு" என்பான். எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. அவன் மனைவிக்கு அவன் சொன்ன விலை வேறு.

இந்தக் கட்டுரை அவனுக்கு எதிராக எழுதப்படுவது. அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்றைய பைக்குகளில் எது சேகரிக்கத் தகுந்தது என்று கேட்டால் நம் ஆட்கள் உடனே 'லிமிடெட் எடிஷன்' என்பார்கள். எத்தனை குறைவோ அத்தனை மதிப்பு. கேட்க நியாயமான கணக்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

2018ல் ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் கிளாசிக் 500 பெகாசஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. உலகம் முழுக்க 1000. இந்தியாவுக்கு 250. ஆன்லைனில் விற்பனை திறந்த 178 விநாடிகளில் 250ம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டி இறக்கிய 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற 125 சிசி வண்டியின் நினைவாகச் செய்தது. அந்த 125 சிசி வண்டி உண்மையிலேயே ஓர் அதிசயம்தான். சிப்பாய்கள் தூக்கி வேலி தாண்டிவைக்கும் எடை, இரும்புக் கூண்டுக்குள் வைத்து வானிலிருந்து போட்டாலும் தாங்கும் உடம்பு. பெகாசஸில் அதிலிருந்து வந்தது என்ன? பெயின்ட், பக்கவாட்டில் இரண்டு கான்வாஸ் பைகள், டேங்கில் ஓர் எண். மற்றபடி உள்ளே இருந்தது ஷோரூமில் எவருக்கும் கிடைத்த அதே 499 சிசி கிளாசிக்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. சில வாரங்களிலேயே அதே நிறுவனம் கிளாசிக் 350 சிக்னல்ஸ் என்று இன்னொரு ராணுவ வண்ண வண்டியை, பெகாசஸில் இல்லாத ஏபிஎஸ் பிரேக்கோடு, குறைந்த விலைக்கு விட்டது. பெகாசஸ் வாங்கியவர்களில் சிலர் கொதித்துப்போய், வண்டியில் குப்பை ஏற்றி எதிர்ப்புக் காட்டியதாகச் செய்தி வந்தது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஒரு வண்டியின் அபூர்வம், பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து நின்றதும் கரைந்துபோகிறது என்றால் அது எந்த மாதிரி அபூர்வம்? ஆயிரத்தோடு நிறுத்துவது என்று முடிவு செய்தது ஒரு மீட்டிங். இரண்டாயிரம் என்றும் முடிவு செய்திருக்கலாம். இரும்புக்கோ ரப்பருக்கோ அதில் எந்தப் பங்கும் இல்லை.

எண்ணிக்கையே ஏமாற்று என்று சொல்லவரவில்லை. ஹோண்டாவின் விஎஃப்ஆர்750ஆர், ரசிகர்கள் ஆர்சி30 என்று கூப்பிடும் வண்டி, ஏறக்குறைய 3000தான் செய்யப்பட்டது. 1988ல் உலக சூப்பர்பைக் பந்தயம் தொடங்கியபோது, தெருவில் விற்கும் வண்டியிலிருந்துதான் பந்தய வண்டி வரவேண்டும், அதையும் குறிப்பிட்ட எண்ணிக்கை செய்திருக்க வேண்டும் என்று விதி. ஜெயிப்பதற்காக ஹோண்டா அதைச் செய்தது. டைட்டானியம் கனெக்டிங் ராடு, செயினுக்குப் பதில் கியரால் சுழலும் கேம்ஷாஃப்ட், டயரைச் சட்டென்று கழற்றுவதற்காக ஒரே பக்கம் பிடித்த பின்கை. ஒவ்வொன்றுக்கும் பந்தய மைதானத்தில் ஒரு காரணம் இருந்தது, எண்ணிக்கைக்கும் அதே காரணம்தான். 1992ல் வந்த ஹோண்டா என்ஆர் அதைவிடக் கிறுக்கு. பிஸ்டன் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும், ஒரு சிலிண்டருக்கு எட்டு வால்வு. எழுபதுகளின் இறுதியில், டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் ஆண்டுகொண்டிருந்த கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் ஃபோர்-ஸ்ட்ரோக்கால் ஜெயித்துக்காட்டுகிறேன் என்று ஹோண்டா வீம்பாக இறங்கித் தோற்ற கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. முன்னூறு சொச்சம் வண்டிகள்தான். அதற்கு மேல் செய்தால் கட்டுப்படியாகாது, அவ்வளவு செலவு. இந்த இரண்டையும் ஒருவர் ஹாலில் நிறுத்தினால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

நமக்கு ஆர்சி30 கிடைக்கப் போவதில்லை. நம் தெருவுக்கு வருவோம்.

நம் தெருவில் ஒரு வண்டி அபூர்வமாவது எப்படி? எல்லோரும் வாங்கி, எல்லோரும் ஓட்டி, எல்லோரும் தீர்த்துவிடுவதால். யமஹா ஆர்எக்ஸ்100 1985லிருந்து 1996 வரை வந்தது. 98 சிசி, 11 குதிரைசக்தி. பால்காரர், கல்லூரிப் பையன், சப்-இன்ஸ்பெக்டர், செயின் பறிப்பவன், எல்லோரும் ஓட்டினார்கள். அன்றைக்கு யாரும் அதைத் துணி போர்த்தி வைக்கவில்லை. ரீ-போர் செய்தார்கள், சைலன்சரைக் குடைந்தார்கள், கிராங்க் போனதும் எடைக்குப் போட்டார்கள். சென்னை புதுப்பேட்டையில் எத்தனை ஆர்எக்ஸ்100 எலும்பாகக் கிடந்திருக்கும் என்று யார் எண்ணியது? இன்றைக்கு நல்ல ஆர்எக்ஸுக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால், அந்த விலைக்குப் பின்னால் இருப்பது இத்தனை பேர் தேய்த்துத் தீர்த்த தேய்மானம். எந்தக் கம்பெனியும் திட்டமிட்டுத் தந்த அபூர்வம் இல்லை அது.

ராஜ்தூத் 350ன் கதை இன்னும் கசப்பு. யமஹாவின் ஆர்டி350யை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983லிருந்து ஃபரிதாபாத்தில் செய்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், இந்தியச் சாலை அதுவரை பார்த்திராத வேகம். ஜனங்கள் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடுக்குது?" கொடுக்கவில்லை, குடித்தது. விற்பனை படுத்தது, எண்பதுகள் முடிவதற்குள் கதையும் முடிந்தது. சோழவரம் ஓடுதளத்துப் பந்தயங்களில் அதை வணங்கியவர்களும் உண்டுதான், ஆனால் வீட்டு வாசலில் நிறுத்த யாருக்கும் வசதிப்படவில்லை. அன்று பெட்ரோல் கணக்குப் பார்த்து அதை ஒதுக்கிய அதே தலைமுறை இன்று போட்டோவுக்குக் கீழே இதயம் போட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு கதையும் பழைய பஞ்சாங்கம், தெரியும். ஆர்எக்ஸ், ஆர்டி, புல்லட், எஸ்டி பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் பிரச்சினை வேறு. அன்றைக்குக் கண்முன்னால் கிடந்ததை அவர்கள் பார்க்கவில்லை, சரி. நாம் பார்க்கிறோமா?

2001 நவம்பரில் வந்த முதல் பல்சரை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டை ஹெட்லைட், 150லும் 180லும். அதற்கு முன்னால் 1999ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட் வந்து, 156 சிசியில் ஒரு வண்டி விற்க முடியும் என்று காட்டியிருந்தது. ஆனால் மைலேஜ் ஒன்றையே பார்த்துப் பைக் வாங்கிய ஒரு நாட்டை வேறு ஒன்றைப் பார்க்க வைத்தது பல்சர்தான். வடிவமைப்பு கிளின் கெர் என்ற ஆங்கிலேயருடையது. அதுவரை ஸ்கூட்டர் கம்பெனி என்று அறியப்பட்ட பஜாஜின் தலையெழுத்தே அதற்குப் பிறகு மாறியது. நான் பள்ளியில் படித்த காலத்தில், தெருவில் யார் வீட்டில் பல்சர் இருந்ததோ அந்த அண்ணன்தான் ஹீரோ.

வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' 2007ல் வந்தது. அதில் ஒரு பல்சர் காணாமல் போவதுதான் கதை. ஒரு கீழ்நடுத்தர வீட்டுப் பையனுக்கு அந்த வண்டி வேலையாக, காதலாக, அப்பா முன்னால் நிமிர்ந்து நிற்கும் முதுகாக எப்படி ஆகிறது என்பதைப் படம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புல்லட்டை வைத்து அந்தக் கதையை எடுத்திருக்க முடியாது. புல்லட் அப்போது அப்பாக்களின் வண்டி. தமிழில் மோட்டார் சைக்கிளுக்கென்று எடுத்த மிக நல்ல படத்தின் நாயகன் ஒரு பல்சர். அந்தப் பல்சரின் முதல் தலைமுறை, ஸ்டிக்கர் மாற்றாமல், ஹெட்லைட் மாற்றாமல், இன்று உங்கள் ஊரில் எத்தனை நிற்கிறது? போய் எண்ணிப் பாருங்கள். என் ஊரில் எண்ணினேன். ஒன்றுகூட இல்லை.

ஸ்ப்ளெண்டர் என்றால் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் செய்வார்கள், ஏனென்றால் இப்போதும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்ப்ளெண்டர். 1994ல் வந்தது, 97.2 சிசி. அதன் எஞ்சினுக்கு மூதாதை ஹோண்டா கப் வம்சம். அந்த வம்சத்து சூப்பர் கப் 1958ல் பிறந்து, 2017ல் பத்துக் கோடியாவது வண்டியைத் தொட்டது. உலகத்தில் அத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்ட மோட்டார் வாகனம் வேறு கிடையாது. எண்ணிக்கை குறைந்தால்தான் மதிப்பு என்றால் இது மதிப்பே இல்லாத வண்டி. ஆனால் ஜப்பானில் அந்த கப் வண்டியைக் கொண்டாடுகிறார்கள், காப்பாற்றுகிறார்கள், ஐம்பது வருஷத்துக் கப்பைத் தேடி வாங்குகிறார்கள். 1994ஆம் வருஷத்து ஸ்ப்ளெண்டர் ஒன்றை அசல் பெயின்ட்டோடு வைத்திருக்கும் ஒரு ஆளைக் காட்டுங்கள், நான் அவர் வீட்டுக்குப் போய் டீ வாங்கிக் குடித்துவிட்டு வருகிறேன்.

"ஸ்ப்ளெண்டரை எவன்டா காசு குடுத்து வாங்குவான்?" என்று ஹாலில் வண்டி வைத்திருக்கும் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. யாரும் வாங்கமாட்டார்கள். விலை ஏறும் என்று நான் சொல்லவும் இல்லை. விலை ஏறும் பொருள்தான் வேண்டுமென்றால் தங்கம் வாங்கலாம். அதற்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டாம், பேட்டரி இறங்காது. சேகரிப்பது என்று நான் சொல்வது, ஒரு காலம் தன் கையால் தொட்டுத் தேய்த்த பொருளை அந்தத் தேய்மானத்தோடு அடுத்தவரிடம் கொடுப்பதை. நிறைய பேர் தொட்ட பொருள் அதற்கு உதவும். யாரும் தொடாத பொருள் எப்படி உதவும்?

அந்தத் தேய்மானத்தை நானே ஒருமுறை அழித்திருக்கிறேன்.

என் சித்தப்பா கோவில்பட்டியில் பேப்பர் ஏஜெண்ட். காலை நான்கு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கட்டு இறங்கும், ஆறரைக்குள் வீடுகளுக்குப் போயாக வேண்டும். 1998லிருந்து அவருக்கு ஒரே ஸ்ப்ளெண்டர். சீட்டின் பின்பாதியில் சணல் கயிறு அறுத்த கோடுகள். டேங்கின் இரண்டு பக்கமும் முட்டி உரசி பெயின்ட் போய், தகரம் பளபளவென்று வெள்ளியாகத் தெரியும். இடது கைப்பிடி ரப்பரில் அவர் கட்டைவிரல் பதிந்த பள்ளம். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக, அவருக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ரீஸ்டோர் செய்தேன். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் செலவு. ஃபிரேமை உரித்து பவுடர் கோட்டிங், டேங்குக்கு டென்ட் எடுத்துப் புது பெயின்ட், புது ஸ்டிக்கர், புது சீட், புது கைப்பிடி. ஷோரூமில் எடுத்த மாதிரி இருந்தது. மண்டப வாசலில் நிறுத்தி, துணியை விலக்கினேன்.

சித்தப்பா சுற்றிவந்து பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிக் கேட்டார், "யாரு வண்டிடா இது?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு. நம்பர் பிளேட்டைப் பார்த்த பிறகுதான் நம்பினார். பழைய சீட்டையாவது வாங்கிவரலாம் என்று மறுவாரம் பட்டறைக்குப் போனேன், குப்பையில் போய்விட்டிருந்தது. தப்பியது ஒன்றுதான். சைடு கவரின் உள்பக்கத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. அங்கே பால்பாயின்ட் பேனாவால் ஆயில் மாற்றிய தேதிகளும், யார் யார் வீட்டில் எத்தனை மாதப் பாக்கி என்ற கணக்கும் எழுதியிருந்தது. இருபது வருஷக் கணக்கு. எந்த எண் பொறித்த தகடும் அதற்குப் பக்கத்தில் வரமுடியாது என்று நினைக்கிறேன்.

அதனால் யூட்யூபில் 'துருப்பிடித்த வண்டி புத்தம்புதிதான கதை' பார்த்து உருகும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓடாததை ஓடவையுங்கள், பிரேக்கைச் சரிசெய்யுங்கள், வயரிங்கை மாற்றுங்கள். பெயின்ட்டைத் தொடாதீர்கள். கீறல் ஒரே ஒருமுறைதான் அசலாக விழும்.

ஓட்டாமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிற்கும் வண்டி சாகும். நம் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் டேங்க் உள்ளே துரு, கார்புரேட்டரில் பிசின், பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய்கள் ஊறிப்போகும். ஃபோர்க் சீல் காய்ந்து கசியும். டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று சொல்லும். ஹாலில் இருக்கும் நண்பனின் வண்டிக்கு அதைப் பார்த்துச் சொன்னேன். மயிர்க்கால் அளவுகூடத் தேயாத டயர், ஆனால் நம்பி ஓட்டமுடியாத வயது. மூன்று நிமிஷம் ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுவிட்டு அணைப்பது அதைவிட மோசம். எஞ்சின் முழுசாகச் சூடேறாமல் உள்ளே ஈரம் தங்கி, ஆயிலைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்டினாலே அந்த வண்டி அவனைவிட அதிக நாள் இருக்கும்.

இனி அரசாங்கம். பழைய வாகனங்களுக்கென்று 2021ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால் 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், அன்றாடத்துக்கு ஓட்டக்கூடாது. நல்லது. ஆனால் ஒரு வண்டியின் பதிவுக்காலம் பதினைந்து வருஷம். அதற்கப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022ல் 1000 ஆனது. இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025ல் 2000 ஆக்கிவிட்டார்கள். டெல்லியில் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடவே தடை. அப்படியானால் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் முப்பத்தைந்து வருஷம் ஒரு வண்டி என்னவாக இருக்கிறது? சட்டத்தின் கண்ணில் அது புகை, தொந்தரவு, காயலான் கடைக்குப் போகவேண்டியது. 2001 பல்சர் 2051ல்தான் பாரம்பரியம் ஆகும். அதுவரைக்கும் அதைக் காப்பாற்றுகிறவன் ஒரு குற்றவாளி மாதிரி ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கவேண்டும். காற்று கெடுகிறது என்ற கவலையை நான் மறுக்கவில்லை, நானும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறேன். ஆனால் மாதத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டியையும் தினம் நூறு ஓடும் வண்டியையும் ஒரே தராசில் வைப்பதுதான் இடிக்கிறது. முப்பது வருஷத்தில் ஒரு இடைநிலைப் பதிவு, கிலோமீட்டர் வரம்போடு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, எல்லாவற்றிலும் சிக்கலான விஷயம். கோவை கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார், ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து முன்னூறு ரூபாய்க்கு அதை வாங்கினார், வாங்கியதும் முழுசாகப் பிரித்து மறுபடி மாட்டினார் என்று சொல்வார்கள். அவருடைய படிப்பு அங்கேதான் தொடங்கியது. ஆர்எக்ஸ்100 வரைக்கும் நம் மெக்கானிக்குகள் எல்லோரும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான். கார்புரேட்டரைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர், ஜெட்டை ஊத ஒரு வாய்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததோடு ஏறக்குறைய எல்லா பைக்கும் எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்குப் போய்விட்டது. வண்டிக்கு மூளை வந்துவிட்டது, அந்த மூளை சீல் வைத்த டப்பாவுக்குள் இருக்கிறது. 2013ல் வந்த முதல் கேடிஎம் 390 டியூக்கை எடுத்துக்கொள்வோம். சாக்கனில் செய்து உலகம் முழுக்க அனுப்பியது. 373 சிசியில் 44 குதிரைசக்தி, ஏபிஎஸ் உட்பட. இரண்டு லட்சத்துக்கும் குறைவான விலைக்கு. நம்மூர்ப் பையன்கள் அதை வைத்துப் பறந்தார்கள், விழுந்தார்கள், செத்தும் போனார்கள். நல்லதுக்கோ கெட்டதுக்கோ ஒரு தலைமுறையின் வண்டி. என் பட்டியலில் பல்சருக்கு அடுத்து அதுதான். ஆனால் 2045ல் அதன் மீட்டர் ஸ்க்ரீன் மங்கிப்போனால்? ஈசியு செத்தால்? எஞ்சின் கல் மாதிரி இருக்கும், வண்டி கிளம்பாது. பிஸ்டனை லேத்தில் கடைந்துவிடலாம். சாஃப்ட்வேரை எந்த லேத்தில் கடைவது?

எலக்ட்ரானிக்ஸ் வந்த வண்டி எதுவுமே சேகரிக்கத் தகுதியில்லை என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அது சோம்பேறித்தனம். அந்தக் காலத்தை வாழ்ந்த பையன்களுக்கு வேறு எந்த வண்டியில் நினைவு இருக்கும்? சேகரிக்கும் வேலைதான் மாறிவிட்டது. இனிமேல் வண்டியோடு சேர்த்து ஒரு உபரி ஈசியு, ஒரு உபரி மீட்டர், சர்வீஸ் மேனுவல், கோளாறு பார்க்கும் கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வண்டியைத் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் போன் நம்பர், இத்தனையும் சேகரிக்க வேண்டும். 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது, வாகனங்களும் அதில் அடக்கம். பைக் பற்றிக் கவிதை எழுதும் நாம் அதைப் பற்றி ஒரு வரி எழுதினோமா? உற்பத்தி நின்றுபோன மாடலின் சாஃப்ட்வேரைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் தருவார்களா என்பது அப்புறம்.

ராயல் என்ஃபீல்டை ஒரேயடியாகத் திட்டிவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். 2021ல் அவர்களுடைய 120ஆம் ஆண்டுக்காக 480 வண்டிகள் செய்தார்கள், இந்தியாவுக்கு 120. டேங்க் பட்டயங்களைப் பித்தளையில் வார்த்தது கும்பகோணத்துச் சிற்பிகள். அழகான வேலை, சந்தேகமில்லை. ஆனால் சாதாரண புல்லட்டின் டேங்கில் இருக்கும் தங்கக் கோட்டைப் பாருங்கள். சென்னைத் தொழிற்சாலையில் தூரிகையைப் பிடித்து ஒருவர் ஒரே மூச்சில் கையால் இழுப்பது. ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு இழுத்திருக்கிறார்கள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதற்குச் சான்றிதழும் கிடையாது, எண்ணும் கிடையாது. 2018ல் வந்த சாதாரண இன்டர்செப்டர் 650, சென்னைப் பக்கத்தில் செய்து உலகத்துக்கே போன இரட்டை சிலிண்டர் வண்டி, ஆண்டுவிழாப் பதிப்பைவிடப் பெரிய சரித்திரம். அதை வாங்கி, ஓட்டி, மழையில் நனைத்து, கணக்கை சைடு கவரின் உள்பக்கம் எழுதிவையுங்கள்.

நான் ஒரு முதல் தலைமுறைப் பல்சரைத் தேடிக்கொண்டிருந்தேன் அல்லவா? போன மாதம் சங்கரன்கோவில் பக்கம் ஒருவரிடம் இருப்பதாகத் தகவல் வந்தது. போனேன். மைக்செட் கட்டுபவர். உருண்டை ஹெட்லைட் அசல், டேங்க் ஸ்டிக்கரில் பாதி உதிர்ந்திருந்தது, பின்னால் ஆம்ப்ளிஃபையர் வைக்க அவரே வெல்டிங் செய்துகொண்ட இரும்பு கேரியர். பதினான்காயிரம் சொன்னார். ஆர்.சி. கையில் இருக்கிறது, புதுப்பித்தும் இருக்கிறார்.

"எதுக்கு சார் இந்த வண்டி?"

"வச்சுக்கத்தான்."

"வச்சுக்கவா? ஓட்ட மாட்டீங்களா?"

"ஓட்டுவேன்ணே."

என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. கேரியரைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் அப்படியே இருக்கட்டும் என்றேன். அதில்தான் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்த மாதிரி இருந்தது.

"கொடை முடியட்டும் சார். இன்னும் மூணு ஊருக்கு ஸ்பீக்கர் கட்டணும். அப்புறம் வாங்க."